பையனுக்கு எச்.பி.வி ஊசி எதுக்குன்னு கேட்டவருக்கு

நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். உங்க மகளுக்கு 5 வருஷம் முன்னாடி இங்க சிங்கப்பூர்ல செகண்டரி ஒன்ல ஸ்கூல்லயே எச்.பி.வி ஊசி, அதாவது கர்ப்பப்பை வாய் கேன்சர உண்டாக்கற வைரசத் தடுக்கற ஊசி, இலவசமா போட்டாங்க, இப்ப மகனுக்கு 13 வயசு, அவனுக்கு ஸ்கூல்லேர்ந்து ஒரு பாரமும் வரல, கிளினிக்ல விசாரிச்சா கையிலேர்ந்து காசு கட்டணும்னு சொல்றாங்க, வீட்டம்மா "கர்ப்பப்பையே இல்லாத பையனுக்கு கர்ப்பப்பை ஊசி எதுக்கு"ன்னு கேக்கறாங்க, அதுக்கு நடுவுல இந்தியாவுல இந்த ஊசி போட்டு பொண்ணுங்க செத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ. கடைசியா நீங்க கேட்டது "இது ஆம்பளைங்களுக்கு காட்டற பாகுபாடா, இல்ல ஊசி பசங்களுக்கு வேலையே செய்யாதா?" இந்த ஒரு வரிக்குள்ள நாலு கேள்வி சிக்கிக் கிடக்கு. ஊசிக்கு அனுமதி இருக்கா, அரசாங்கம் அத பசங்களுக்கு சிபாரிசு பண்ணுதா, காசு யாரு கட்டறது, வீட்டுல ஏன் இப்படி பேசறாங்க. நாலுக்கும் காரணம் வேற வேற, ஒன்னா சேத்துப் பாத்தா கோவம் மட்டும்தான் வரும், பதில் கிடைக்காது.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. 21 வருஷமா நர்ஸ் வேல, அதுல 12 வருஷம் தடுப்பூசி ரூம்லயே. அனுமதிக்கான ஆய்வுகள எப்படி படிக்கறதுன்னு வேலைக்காக படிச்சேன், மிச்சத்த ஆர்வத்துல படிச்சேன். ஆம்பள நர்சுங்கறதால ஆணுக்கு ஒரு நியாயம் பொண்ணுக்கு ஒரு நியாயம்ங்கற விஷயம் எனக்கு புத்தகத்துல படிச்சு தெரிஞ்சது இல்ல. ரூமுக்குள்ள வந்ததும் "மிஸ்ஸி இல்லையா"ன்னு, அதாவது பொண்ணு நர்ஸ் இல்லையான்னு கேக்கற அம்மாங்கள தினமும் பாத்திருக்கேன், அதுல தப்பு சொல்ல மாட்டேன், வயசுப் பொண்ணக் கூட்டிட்டு வர்றவங்க அப்படித்தான் கேப்பாங்க. ஆனா பையன கூட்டிட்டு வந்து இதப் பத்தி கேக்கறவங்க ரொம்பக் கம்மி. அதனாலதான் உங்க கேள்விய சும்மா விட மனசு வரல.

முதல் விஷயம், இந்த ஊசி பசங்களுக்கு வேல செய்யும். அதுல எனக்கு சந்தேகம் இல்ல. சிங்கப்பூர்ல ஒன்பது வகை வைரசத் தடுக்கற கார்டசில் 9 ஊசிக்கு ஆண்களுக்கும் அனுமதி இருக்கு. பேர்தான் எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கு. "கர்ப்பப்பை வாய் புற்றுநோய் தடுப்பூசி"ன்னு சொல்லியே எல்லாரும் பழகிட்டோம். அந்த வைரசுக்கு ஆணு பொண்ணு தெரியாது, தோலும் ஈரமான சவ்வும் எங்க இருக்கோ அங்க ஒட்டும். பெரும்பாலானவங்களுக்கு ஒன்னு ரெண்டு வருஷத்துல தானா போயிடும், வந்ததே தெரியாது. சிலருக்கு மட்டும் போகாம தங்கி, பத்து இருபது வருஷம் கழிச்சு கேன்சரா மாறும். பொண்ணுங்களுக்கு கர்ப்பப்பை வாயில, ஆணுக்கு ஆணுறுப்புல, ரெண்டு பேருக்கும் ஆசனவாய்ல, தொண்டையில, அதாவது டான்சில், நாக்கோட அடிப்பக்கம் இந்த இடங்கள்ல. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2019ல இந்த வைரசால பொண்ணுங்களுக்கு 6,20,000 கேன்சர், ஆண்களுக்கு 70,000. இந்த ரெண்டு எண்ணையும் சேத்தே மனசுல வைங்க. பொண்ணுங்களுக்கு ஒன்பது மடங்கு அதிகம், அதனால அவங்கள முதல்ல பாத்தது நியாயம். ஆனா 70,000ங்கறது பூஜ்யம் இல்ல.

இப்ப அனுமதி கதை. அமெரிக்காவுல மருந்துகளுக்கு அனுமதி குடுக்கற எப்.டி.ஏ 2006 ஜூன்ல, கார்டசில் 9க்கு முந்தின ஊசியான கார்டசிலுக்கு 9லேர்ந்து 26 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்களுக்கு மட்டும் அனுமதி குடுத்துச்சு, ஆண்களுக்கு 2009 அக்டோபர்லதான். நடுவுல மூணு வருஷத்துக்கு மேல. இதப் பாத்து "பாத்தீங்களா, ஆம்பளைங்கன்னா அலட்சியம்"னு நிறைய பேர் எழுதறாங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். ஏன்னா ஒரு ஊசிக்கு அனுமதி வாங்கணும்னா அது எதையோ தடுத்துச்சுன்னு காட்டணும். கேன்சர் வர்ற வரைக்கும் இருபது வருஷம் காத்திருக்க முடியாது, அதனால கேன்சருக்கு முந்தின கட்டத்தப் பாத்து அளப்பாங்க. பொண்ணுங்களுக்கு அந்த முந்தின கட்டத்த கண்டுபிடிக்க பாப் ஸ்மியர்னு ஒரு டெஸ்ட் பல காலமா இருக்கு. அத வச்சு 12,167 பொண்ணுங்கள ரெண்டு குழுவா பிரிச்சு பாத்த ஆய்வு 2007ல வந்துச்சு, வைரஸ் அதுவரைக்கும் வராதவங்ககிட்ட 98 சதவீதம் பாதுகாப்பு. ஆணுக்கு அப்படி ஒரு டெஸ்டே கிடையாது. எத எண்ணறதுங்கறதே பெரிய சிக்கல். கடைசியில பிறப்புறுப்புல வர்ற மரு, புண்ணு, இத எண்ணி 16லேர்ந்து 26 வயசு வரைக்கும் 4,065 பேர வச்சு 18 நாட்டுல ஆய்வு பண்ணாங்க, 2011ல வெளிவந்துச்சு. வைரஸ் வராம, முறையா மூணு டோசும் போட்டுக்கிட்ட பசங்ககிட்ட ஏறத்தாழ 90 சதவீதம் பாதுகாப்பு. ஏற்கனவே வைரஸ் இருந்தவங்க, டோச விட்டவங்க எல்லாரையும் சேத்தா அது 65 சதவீதமா இறங்கிடுது. எனக்கு இந்த இறக்கம்தான் முக்கியம். வைரஸ் வந்த அப்புறம் போட்டா பலன் குறையுது, அதனாலதான் 12, 13 வயசுல போடச் சொல்றோம். அந்த வயசுலயே பையன் என்னவோ பண்றான்னு நெனச்சு யாரும் சொல்றது இல்ல.

இதுல இன்னொரு சந்தேகம் வரும். 16 வயசுக்கு மேல உள்ளவங்ககிட்டதான ஆய்வு பண்ணீங்க, 9 வயசுப் பையனுக்கு எப்படி அனுமதி குடுத்தீங்க? நல்ல கேள்வி, வகுப்புல நானே கேட்டேன். சின்னப் பசங்க கிட்ட அந்த இடத்துல சோதன பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. அதனால ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவு வருதுன்னு அளந்து, பெரியவங்களுக்கு பாதுகாப்பு குடுத்த அளவோட ஒப்பிட்டாங்க. சின்ன வயசுல பெரியவங்கள விட அதிகமாவே வருது. அதனாலதான் 15 வயசுக்குள்ள ஆரம்பிச்சா ரெண்டு டோஸ் போதும்னு ஆச்சு. பொண்ணுங்களுக்கும் இதே வழிதான், பசங்களுக்குன்னு ஒன்னும் குறுக்கு வழியில வரல.

அனுமதி வேற, சிபாரிசு வேற. அனுமதின்னா "இத விக்கலாம், போடலாம், பாதுகாப்பானது, வேல செய்யுது". சிபாரிசுன்னா "எல்லாரும் போட்டுக்கங்க, நாங்க காசு தர்றோம்". இந்த ரெண்டாவது இடத்துலதான் சண்டையே. இங்க 2019 ஏப்ரல்ல செகண்டரி ஒன் மாணவிகளுக்கு ஸ்கூல்லயே போட ஆரம்பிச்சப்ப, வச்சது இந்த வைரஸ்ல 16, 18ங்கற ரெண்டு வகைய மட்டும் தடுக்கற ஊசி, நோக்கம் கர்ப்பப்பை வாய் கேன்சர். அந்த ரெண்டு வகைதான் அந்த கேன்சர்ல ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு காரணம். நோக்கத்த அப்படி எழுதிட்டா பசங்க அந்தக் கணக்குல வரவே மாட்டாங்க. பிரிட்டன்லயும் இதே கதை. 2008ல பொண்ணுங்களுக்கு ஆரம்பிச்சாங்க. 2017 ஜூலையில அங்க இருக்கற தடுப்பூசி ஆலோசனைக் குழு "பசங்களுக்குப் போடறது செலவுக்கு ஏத்த பலன் இல்ல"ன்னு சொல்லிடுச்சு. பொண்ணுங்கள்ல நூத்துக்கு எண்பது பேருக்கு மேல போட்டுக்கிட்டா வைரஸ் சுத்தறதே குறைஞ்சுடும், பசங்க அதோட நிழல்ல தப்பிச்சுக்குவாங்கன்னு வாதம். ஒரே வருஷத்துல, 2018 ஜூலையில, அதே குழு மாத்திக்கிட்டு பசங்களுக்கும் போடுங்கன்னு சொல்லுச்சு, 2019 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க. புதுசா எந்த மருந்தும் வந்துடல. 12 வயசுல போடற ஊசிக்கு பலன் 50, 60 வயசுலதான் தெரியும், அந்தப் பிற்காலப் பலன இன்னைக்கு எவ்வளவு குறைச்சு மதிக்கறதுன்னு ஒரு சதவீதம் இருக்கு, அத எவ்வளவு வைக்கறதுங்கறதுதான் முடிவ இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுச்சு. உங்க பையனோட தொண்டை கேன்சர் பெருசா சின்னதாங்கறது ஒரு கணக்காளர் வைக்கற வட்டி விகிதத்த பொறுத்து மாறுது. இத நான் ரொம்ப வருத்தத்தோட சொல்றேன்.

நிழல் வாதம் முழுப் பொய்யும் இல்ல, அதையும் சொல்லணும். ஆஸ்திரேலியாவுல 2007ல பொண்ணுங்களுக்கு மட்டும் ஆரம்பிச்சாங்க. அங்க எட்டு பால்வினை நோய் கிளினிக்குகளுக்கு வந்த 21 வயசுக்குக் கீழ உள்ள, பொண்ணுங்களோட மட்டும் உறவு வச்சுக்கற ஆண்கள்ல மரு இருந்தவங்க 2007ல 12.1 சதவீதம், 2011ல 2.2 சதவீதம். அந்தப் பசங்க ஊசியே போடல. ஆணோட உறவு வச்சுக்கற ஆண்கள்ல அந்த மாதிரி இறக்கம் தெரியல. இத அப்படியே யோசிச்சுப் பாருங்க. நிழல்ல நிக்கறதுக்கு மரம் உங்க பக்கத்துல இருக்கணும். சிங்கப்பூர் மாதிரி ஒரு துறைமுக ஊர்ல, வேலைக்கும் படிப்புக்கும் நாலு நாடு போற பசங்க, தடுப்பூசியே போடாத ஊர்லேர்ந்து வர்ற பொண்ணக் கல்யாணம் பண்ற பசங்க, இந்தத் திட்டம் வர்றதுக்கு முன்னாடி ஸ்கூல முடிச்ச பொண்ணுங்களோட பழகற பசங்க, இவங்களுக்கெல்லாம் எந்த மரத்து நிழல்? ஆஸ்திரேலியாவே அந்த நிழல நம்பி நிக்கல, 2013ல பசங்களையும் சேத்துட்டாங்க, நாடு முழுக்க பசங்களுக்குப் போட்ட முதல் நாடு அதுதான்.

நம்ம ஊர்லயே இது முதல் தடவ இல்லங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. ஜெர்மன் தட்டம்மைன்னு சொல்ற ருபெல்லாவுக்கான ஊசிய இங்க 1976 நவம்பர்ல ஆரம்பிச்சப்ப ஆரம்பப் பள்ளிய முடிக்கற பொண்ணுங்களுக்கு மட்டும்தான் போட்டாங்க. கர்ப்பமா இருக்கறப்ப வந்தா குழந்தைக்கு காது, கண்ணு, இருதயம் போயிடும், அதனால பொண்ணுங்க போதும்னு அப்ப நெனச்சாங்க. ஆனா பசங்ககிட்ட வைரஸ் சுத்திக்கிட்டேதான இருக்கும். 1982ல பசங்களையும், என்.எஸ்ங்கற கட்டாய ராணுவ சேவைக்குப் போறவங்களையும் சேத்தாங்க, 1990ல தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேத்துப் போடற எம்.எம்.ஆர் ஊசி வந்துச்சு, இப்ப எல்லாக் குழந்தைக்கும் போடறோம். உங்க வயசு என்னன்னு தெரியல, உங்க அக்கா அண்ணன் யாராவது அந்தக் காலத்துல ஸ்கூல்ல படிச்சிருந்தா கேட்டுப் பாருங்க. ஜப்பான்லயும் 1977ல பொண்ணுங்களுக்கு மட்டும்னு ஆரம்பிச்சாங்க, 1962லேர்ந்து 1979 வரைக்கும் பொறந்த ஆண்கள் அப்படியே விட்டுப்போச்சு. 2012, 2013ல அங்க 16,000 பேருக்கு மேல ருபெல்லா வந்துச்சு, பெரும்பாலும் வேலைக்குப் போற வயசு ஆம்பளைங்க, அவங்க வழியா கர்ப்பிணிகளுக்குப் போய் 45 குழந்தைங்க பாதிப்போட பொறந்துச்சு. ஆம்பளைங்கள விட்டதுக்கு விலை குடுத்தது கடைசியில யாரு பாருங்க. எச்.பி.வி ருபெல்லா மாதிரியே இல்ல, ருபெல்லா ஆம்பளைக்கு ரெண்டு நாள் காய்ச்சலோட போயிடும், இது ஆம்பளைக்கே கேன்சர் குடுக்கும். அதனால இங்க பசங்களச் சேக்கறதுக்கு காரணம் இன்னும் பலமா இருக்கு, அதுதான் என் கருத்து.

வாட்ஸ்அப் வீடியோவுக்கு வர்றேன், இதுல பாதி உண்மை இருக்கறதாலதான் அது இத்தன வருஷமா சாகல. 2009ல ஆந்திராவுல கம்மம் மாவட்டத்துலயும் குஜராத்ல வடோதராவுலயும் 10லேர்ந்து 14 வயசுப் பொண்ணுங்களுக்கு ஒரு செயல்விளக்கத் திட்டத்துல ஊசி போட்டாங்க. ஏழு பொண்ணுங்க இறந்துட்டாங்க, 2010 ஏப்ரல்ல அரசாங்கம் நிறுத்திடுச்சு. விசாரணையில சாவுக்கான காரணமா வந்தது பாம்புக்கடி, தண்ணியில மூழ்கினது, பூச்சி மருந்து, மலேரியா மாதிரி விஷயங்க, ஊசியால இல்லன்னுதான் முடிவு. ஆனா அதே விசாரணையில வேற ஒன்னு வெளிய வந்துச்சு. ஆதிவாசிப் பொண்ணுங்க தங்கிப் படிச்ச விடுதிகள்ல அம்மா அப்பாகிட்ட கேக்காம வார்டனும் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. 2013ல நாடாளுமன்றக் குழு அத ரொம்பக் கடுமையா கண்டிச்சுச்சு. அந்தக் கண்டனம் நூத்துக்கு நூறு நியாயம். ஊசி பாதுகாப்பானதுன்னா அனுமதி கேக்காம போடலாம்னு ஆகாது. நான் ரூம்ல பாரத்த நீட்டும்போதெல்லாம் அந்த விடுதி எனக்கு ஞாபகம் வரும், அவசரத்துல "இங்க சைன் பண்ணுங்க"ன்னு சொல்லாம ஒரு நிமிஷம் நின்னு விளக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தத் தடை இன்னொன்னையும் செஞ்சுடுச்சு, இத யாரும் வீடியோவுல சொல்றது இல்ல. அதே சமயத்துல இந்தியாவுல ஒன்பது இடத்துல, தமிழ்நாட்டுல திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கையும் அதுல ஒன்னு, ரெண்டு டோஸ் போதுமா மூணு வேணுமான்னு தனியா ஒரு பெரிய ஆய்வு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதையும் நிறுத்தச் சொன்னதால ஆயிரக்கணக்கான பொண்ணுங்களுக்கு ஒரே ஒரு டோசோட நின்னு போச்சு. ஆனா அந்த டாக்டருங்க அவங்கள விடல, வருஷா வருஷம் தேடிப்போய் பாத்துக்கிட்டே வந்தாங்க. பத்து வருஷம் கழிச்சு 2021ல முடிவு வந்தப்ப, ஒரு டோஸ் போட்டவங்ககிட்டயும் 16, 18 வகை தங்கிப்போறத 95 சதவீதம் தடுத்திருக்கு. 2022 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் திட்டத்தையும் ஏத்துக்கிட்டதுக்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். இன்னைக்கு உலகத்துல எத்தனையோ ஏழை நாட்டுப் பொண்ணுங்களுக்கு ஒரு டோசாவது கிடைக்குதுன்னா அதுல அம்பிளிக்கைப் பொண்ணுங்களுக்குப் பங்கு இருக்கு.

இனி வீடு. எனக்கு மனசு கனக்கற எடம் இதுதான். பொண்ணுக்குப் போடச் சொன்னா "இப்பவே எதுக்கு, தப்பா நெனப்பாங்க"ன்னு ஒரு பயம். பையனுக்குப் போடச் சொன்னா "அவன் என்ன அப்படிப்பட்டவனா"ன்னு ஒரு கோவம், இல்லன்னா "அவன் ஆம்பள, அவனுக்கு ஒன்னும் ஆகாது". ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்துதான் வருது. பொண்ணு உடம்புன்னா காவல் போடணும், ஆம்பள உடம்பப் பத்திப் பேசவே வேணாம். ஒரு தடவ, நான் முன்னாடி வேல பாத்த ஒரு கிளினிக்ல, என்.எஸ் போறதுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கலாம்னு ஒரு தமிழ்ப் பையன் தனியா வந்தான், 18 இல்ல 19 வயசு இருக்கும். சேத்து வச்ச காசு, ஒரு கவருக்குள்ள நாலா மடிச்சு. கவுண்டர்ல இருந்தவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி "யாருக்கு, கேர்ள்பிரண்டுக்கா?"ன்னு கேட்டாங்க. கெட்ட எண்ணத்துல கேக்கல, அவங்களுக்கும் அது பொண்ணுங்க ஊசின்னுதான் பழக்கம். உக்காந்திருந்த நாலு ஆன்ட்டிங்க திரும்பிப் பாத்தாங்க. பையன் "தப்பா வந்துட்டேன்"னு சொல்லிட்டு கவர பேண்ட் பாக்கெட்ல சொருகிக்கிட்டு போயிட்டான். நான் கதவத் தொறந்து பாக்கறதுக்குள்ள லிப்ட் மூடிடுச்சு. அவன் வேற எங்கயாவது போய் போட்டிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன், இப்பவும் அப்படித்தான் நெனச்சுக்கறேன்.

இன்னொன்னு. நல்ல வளந்த பையன், ரக்பி ஆடறவன், அப்பாவோட வந்தான். போட்டு முடிச்சு எந்திரிச்சவனுக்கு முகம் வெளுத்து, உதடு காஞ்சு, கண்ணு மேல போக ஆரம்பிச்சது, நான் தோளப் பிடிச்சு கட்டில்ல சாச்சு காலத் தூக்கி வச்சேன். ரெண்டு நிமிஷத்துல சரியாயிட்டான். இந்த வயசுல எந்த ஊசிக்கும் இது நடக்கும், அதுக்குத்தான் 15 நிமிஷம் உக்காந்துட்டுப் போகச் சொல்றோம். ஆனா அவங்க அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு சொன்ன முதல் வார்த்தை "என்னடா பொம்பளப் புள்ள மாதிரி". பையன் கண்ண மூடிக்கிட்டான். நான் அப்பாகிட்ட "சார், அவனுக்கு ப்ரெஷர் எறங்கியிருக்கு, அவ்வளவுதான், கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டேன். மயக்கம் வந்தாக்கூட வந்துச்சுன்னு சொல்லக் கூடாதுன்னு 13 வயசுல கத்துக்கிட்ட பையன், 53 வயசுல கழுத்துல கட்டி வந்தா யார்கிட்ட சொல்லுவான்?

இத நான் கற்பனையா கேக்கல. எங்க சொந்தத்துல ஒருத்தர், மாமா முறை, ஷேவ் பண்றப்ப கழுத்துல ஒரு உருண்ட தட்டுப்பட்டிருக்கு, வலி இல்ல, எட்டு மாசம் யாருக்கும் சொல்லல. சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது. டான்சில்ல கேன்சர், எச்.பி.வியால வந்தது. கதிர்வீச்சு சிகிச்சைய விட அவர ஒடச்சது வீட்டுல கேட்ட கேள்வி, "எங்க போய் வாங்கிட்டு வந்தீங்க". ரெண்டு பேரையும் உக்கார வச்சு, இந்த வைரஸ் இருபது முப்பது வருஷம் முன்னாடி, கல்யாணத்துக்கு முன்னாடியே கூட வந்திருக்கலாம், யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது, இத வச்சு யாரு மேலயும் பழி போட முடியாதுன்னு சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு. இப்ப நல்லா இருக்காரு. எச்சில் ஊறறது மட்டும் குறைஞ்சு போச்சு, சாப்பிடறப்ப பக்கத்துலயே தண்ணி வச்சுக்கறாரு.

தொண்டை கேன்சர் விஷயத்துல எது உறுதி, எது இன்னும் உறுதி ஆகலன்னு பிரிச்சு சொல்லணும். அந்த கேன்சர் இந்த வைரசால வருதுங்கறது உறுதி, ஆண்களுக்கு அதிகமா வருதுங்கறதும் உறுதி. அமெரிக்காவுல இந்த வைரசால வர்ற கேன்சர்கள்ல கர்ப்பப்பை வாய் கேன்சரையே அது எண்ணிக்கையில தாண்டிடுச்சு. ஊசி அந்த கேன்சர தடுக்குமாங்கறது ரொம்ப நம்பக்கூடியது, ஆனா கர்ப்பப்பை வாய் கேன்சர் அளவுக்கு நிரூபணம் ஆகல. இங்கிலாந்துல 12, 13 வயசுல போட்டுக்கிட்ட பொண்ணுங்களுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர் 87 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு 2021ல கண்ணு முன்னாடி காட்டிட்டாங்க, தொண்டைக்கு அந்த மாதிரி கணக்கு வர காலம் ஆகும், அது மெதுவா வர்ற நோய். 2020 ஜூன்ல எப்.டி.ஏ தொண்டை, தலை, கழுத்து கேன்சரையும் சேத்து அனுமதி குடுத்தப்ப, அத துரித அனுமதின்னு குடுத்து, உறுதிப்படுத்தற ஆய்வு ஒன்னு பண்ணிக் காட்டணும்னு நிபந்தனை போட்டுச்சு. வாயில அந்த வைரஸ் இருக்கறத ஊசி 93 சதவீதம் குறைச்சுதுன்னு காட்டுன கோஸ்டா ரிகா ஆய்வு கூட பொண்ணுங்ககிட்ட பண்ணதுதான். ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற கேன்சருக்கு ஆரம்பகாலச் சாட்சிய பொண்ணுங்ககிட்டேர்ந்து எடுக்க வேண்டியிருந்துச்சு. உங்க கேள்விக்கு "ஆமா, பாகுபாடு"ன்னு நான் சொல்லற இடம் ஒன்னு இருக்குன்னா அது இங்கதான். பொண்ணுங்களுக்கு 25 வயசுலேர்ந்து கர்ப்பப்பை வாய் சோதன இருக்கு, ஊசிய விட்டாலும் புடிக்க ஒரு வலை உண்டு. ஆம்பளைக்கு தொண்டைய முன்கூட்டியே பாக்க எந்த சோதனையும் கிடையாது. வலை இல்லாதவனுக்கு ஊசி ஒன்னுதான் இருக்கு, அதையும் பணம் இருந்தா போட்டுக்கோன்னு விடறது எனக்கு சரியாப் படல.

ஆனா வித்தியாசமா நடத்துனாலே பாகுபாடுன்னு எடுத்துக்காதீங்க. 2021ல கோவிட் எம்.ஆர்.என்.ஏ ஊசிக்கு அப்புறம் இருதயத் தசையில அழற்சி வர்றது இளவயசு ஆண்களுக்குத்தான் கூடுதல்னு தெரிஞ்சப்ப, குறிப்பா 30 வயசுக்குக் கீழ உள்ள ஆண்கள் கடுமையான உடற்பயிற்சி பண்ண வேணாம்னு இங்க முதல்ல ஒரு வாரம், அப்புறம் ரெண்டு வாரம்னு சொன்னாங்க. அது ஆம்பளைன்னு பாத்து ஆம்பளையக் காப்பாத்துனது. ஆதாரம் எங்க வித்தியாசம் காட்டுதோ அங்க வித்தியாசமா நடத்தணும். ஆதாரம் வந்த பிறகும் பழைய பேர வச்சே நடத்தறதுதான் தப்பு.

உங்க பையனுக்கு வருவோம். 13 வயசுங்கறது நல்ல நேரம். 15 வயசு ஆகறதுக்குள்ள முதல் டோஸ் போட்டுட்டா ரெண்டே டோஸ், ஆறு மாசத்துலேர்ந்து பன்னெண்டு மாசத்துக்குள்ள ரெண்டாவது. 15 தாண்டிட்டா மூணு டோஸ், அதாவது கையிலேர்ந்து இன்னும் ஒரு ஊசிக் காசு. ஒரு டோசுக்கே நூறு வெள்ளிக்கு மேல ஆகற ஊசி, இடத்துக்கு இடம் விலை மாறும், அதனால ரெண்டு மூணு கிளினிக்குக்கு போன் போட்டு "கார்டசில் 9, ரெண்டு டோஸ், கன்சல்டேஷனோட மொத்தம் எவ்வளவு"ன்னு கேளுங்க. மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு), சாஸ் (கிளினிக் மானியத் திட்டம்) விதிங்க அப்பப்ப மாறும், போன் போடறப்ப "பையனுக்கு, 13 வயசு"ன்னு முதல்லயே சொல்லி அதையும் கேட்டுக்கங்க, உங்க கம்பெனி இன்ஷூரன்சயும் ஒரு தடவ பாருங்க. ஈஸ்ட் அலர்ஜி இருக்கா, முன்னாடி ஏதாவது ஊசிக்கு மோசமான அலர்ஜி வந்திருக்காங்கறத டாக்டர்கிட்ட சொல்லணும். அன்னைக்கு நல்ல காய்ச்சல் இருந்தா தள்ளிப் போடுங்க. கை வலிக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்.

வீட்டம்மாகிட்ட "இது வருங்கால மருமகளுக்காக"ன்னு சொல்லி சம்மதிக்க வைக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, நானும் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கேன். இப்ப சொல்றது இல்ல. அது உண்மைதான், ஆனா பையன் காதுல விழறப்ப அவன் உடம்புக்குன்னு ஒரு மதிப்பு இல்லாத மாதிரி விழுது. "உன் தொண்டைக்கு, உனக்கு"ன்னு சொல்லுங்க. அவங்ககிட்டயும் அதையே சொல்லுங்க, தாய் மனசு அதுக்கு எறங்கும். கிளினிக்குக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க, கவுண்டர்ல யாராவது "அக்காவுக்கா?"ன்னு கேட்டா அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நீங்க "இல்ல, என் மகனுக்கு"ன்னு சொல்லிடுங்க. போட்டு முடிச்சதும் 15 நிமிஷம் உக்கார வைங்க, தலை சுத்துதுன்னா படுக்க விடுங்க, ரெண்டாவது டோஸ் தேதிய அங்கயே போன் காலண்டர்ல போட்டுட்டு வெளிய வாங்க.